ஒரு சதுர மீட்டர்

கிளமெண்டியில்
கோப்பிக் கடைக்கும் பல் மருத்துவருக்கும் நடுவே
என் அச்சுக் கடை.
மாநாட்டுக் காலத்தில்
இரவு பதினொன்றுக்கும் கதவு பாதி திறந்திருக்கும்.
கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட முகத்தோடு
ஓடி வருவார்கள் ஆய்வாளர்கள்.

எல்லாருக்கும் ஒரே தாள், ஏ-சீரோ.
நீளத்தை அகலத்தால் பெருக்கினால்
ஒரு சதுர மீட்டருக்கு மயிரிழை குறைவு.
பால்வீதிக்கும் அவ்வளவுதான்
எறும்பின் முன்னங்காலுக்கும் அவ்வளவுதான்.
இடம் போதவில்லை என்று
இரண்டு பேரும் முனகுவார்கள்.

மை மட்டும் ஆளுக்கு ஆள் மாறும்.
உயிரணுக்காரர்கள் வந்து போனால்
மெஜந்தா புட்டி காலி.
பவளப்பாறை ஹுஸ்னாவுக்குப் பழுப்பு சரிவரவில்லை.
"இது உயிரோடு இருக்கிற பழுப்பு.
எனக்கு வேண்டியது செத்த பழுப்பு."
மஞ்சளைக் கொஞ்சம் தள்ளி, கறுப்பை ஒரு புள்ளி ஏற்றி
மூன்று துண்டு அச்சடித்தேன்.
மூன்றாவதைப் பார்த்ததும்
அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
சாவுக்கும் நாலு எண்கள் உண்டென்று
அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

மொழியியல் பையன் ஒருவன்
நாலாயிரம் வாக்கியங்களில்
'லா' எங்கே வந்து விழுகிறதென்று எண்ணியிருந்தான்.
"நாளைக்கு எடுத்துக்கலாம் லா" என்றேன்.
பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தான்.
நாலாயிரத்து ஒன்று.

இவர்களில் யார் சொல்வதும் எனக்கு முழுதாய்ப் புரியாது.
ஆனால் எழுத்துப் பிழை கண்ணில் படும்,
படம் மங்கினால் தெரியும்,
முந்தின இரவு தூங்காதவர் யாரென்று
கோப்பின் பெயரே சொல்லிவிடும்:
இறுதி, இறுதி-இரண்டு, உண்மையான இறுதி.

போன வியாழக்கிழமை மழை.
வரலாற்றுத் துறை ஜெரின் அடிலைன்
பழைய காய்ச்சல் மருத்துவமனையின் பதிவேட்டைக் கொண்டுவந்திருந்தாள்.
பக்கமெல்லாம் கரையான் தின்ற ஓட்டை.
பாவம் என்று நானே
திரையில் ஒவ்வொன்றாய் அடைத்து வைத்தேன்.
பார்த்தவள் பதறிப் போனாள்.
"அக்கா, அந்த ஓட்டைதான் என் ஆய்வு.
எந்தப் பெயரெல்லாம் போயிற்றென்று
எனக்குத் தெரியாது என்பதைத்தான்
காட்டப் போகிறேன்."
ஓட்டைகளைத் திரும்பத் தோண்டிக்கொண்டிருந்தபோது
கணக்கு லியோங் வந்தான்.

வருடா வருடம் வருகிறவன்.
அவன் தாளில் முக்கால்வாசி வெள்ளை.
"வெள்ளைக்கும் காசா?" என்று வருடா வருடம் கேட்பான்.
அன்றைக்குக் கேட்கவில்லை.
நாலாவது வரியில் ஒரு கழித்தல் குறி
கூட்டலாக இருந்திருக்க வேண்டும் என்றான்.
அதற்குக் கீழே இருப்பதெல்லாம்
அதன் தோளில் நிற்கிறதாம்.
பிளாஸ்டிக் நாற்காலியில்
முக்கால் மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.
ஈரக் குடையிலிருந்து நீர்
அவன் காலணிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

ஜெரினின் தாள் மெல்ல வெளியே வந்தது,
ஓட்டை ஓட்டையாக.
எழுந்து வந்து பார்த்தான்.
அவள் ஒன்றும் விளக்கவில்லை.
சுருட்டிக் குழாய்க்குள் போட்டுக்கொண்டு
மழைக்குள் இறங்கிவிட்டாள்.

அவன் என் பக்கத்தில் நின்று
விசைப்பலகையை இழுத்துக்கொண்டான்.
நாலாம் வரியைத் திருத்தினான்.
அதற்குக் கீழே எல்லாவற்றையும் அழித்தான்.
இரண்டு வருட வேலை என்று
யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னான்.
வெட்டவெளியின் நடுவில் ஒரே ஒரு வரி தட்டினான்:
இங்கிருந்து எப்படிப் போவதென்று
இன்னும் தெரியவில்லை.

பதினான்கு வருடமாய் அச்சடிக்கிறேன்,
இந்த வாக்கியம் ஒரு நாளும்
என் கடைக்கு வந்ததில்லை.

இயந்திரத்தின் தலை
இடமும் வலமும் போய்வந்தது.
எழுத்து இருக்கும் இடத்தில் எவ்வளவு நேரமோ
இல்லாத இடத்திலும் அவ்வளவு நேரம்.
முழுக் காசையும் வாங்கிக்கொண்டேன்.
வெள்ளைக்கும் சேர்த்து.

காலையில் கடையைத் திறந்தபோது
சுவரில் ஹுஸ்னாவின் மூன்று பழுப்புத் துண்டுகள்
மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.
இடம் மாற்றி ஒட்டிவிட்டேன் போலிருக்கிறது.
எது செத்தது, எது உயிரோடிருப்பது,
வெகுநேரம் பார்த்தேன்.