இடது பக்கம் கொஞ்சம் கம்மி

கொருக்குப்பேட்டை கேட்டில்
சரக்கு ரயில் ஊர்ந்துகொண்டிருந்தபோது
மூன்றாவது முறை போன் செய்தாள் பிலோமினா.
"ஜாபர், என் கம்ப்யூட்டர் செத்துருச்சு."

போய்ப் பார்த்தால்
ஃபேன் சுற்றுகிறது, விளக்கு எரிகிறது,
திரையில் யாருடைய நாட்டு மலையோ
பளிச்சென்று நிற்கிறது.
சத்தம் மட்டும் இல்லை.
"அதான் சொன்னேன், செத்துருச்சுன்னு."

நேதாஜி நகர், இரண்டாவது மாடி.
ஜன்னலுக்குக் கீழே
துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள்
நேற்றிலிருந்து நிற்கின்றன.
சிலிண்டர் வராதவர்களின் புகாரை வாங்கி
வீட்டிலிருந்தே பதிவு செய்யும் வேலை அவளுக்கு.
பிறந்ததிலிருந்து பார்வை இல்லை.
திரையில் உள்ளதை ஒரு குரல் படிக்கும்,
கேட்டுத் தட்டுவாள்.
அந்தக் குரல்தான் காணவில்லை.

வைரஸ் எப்படி வந்தது என்று கேட்டேன்.
"அதுதான் கேட்டுச்சு.
உங்கள் கணினி ஆபத்தில் உள்ளது,
சரிசெய்யச் சம்மதமான்னு.
சம்மதம்னு அழுத்தினேன்."

எனக்கு வரும் பொய்கள்
சிவப்பில் மின்னிக்கொண்டு வரும்,
கோணல் முத்திரையும் எழுத்துப்பிழையுமாக.
அவளுக்கு வந்ததோ
வங்கி இருப்பைச் சொல்லும் அதே குரலில்,
அதே மரியாதையில்.

ஒன்றரை மணி நேரம் ஸ்கேன் ஓடியது.
நாற்பத்தேழு பிடிபட்டன.
துடைத்ததும்
அவை ஒட்டிக்கொண்டிருந்த சவுண்ட் டிரைவரும்
சேர்ந்தே போய்விட்டது.
ஆடியோ சர்வீஸைத் தொடங்கச் சொன்னால்
முடியாது என்கிறது.
ஏன் என்றால் ஓர் எண்ணைச் சொல்கிறது.

"உம்முனு செய்யாத. வாய விட்டுப் படி."

படித்தேன்.
அம்புக்குறி போன இடமெல்லாம் என் குரலும் போனது.
மஞ்சள் முக்கோணம் என்றேன்.
"நெறம் வேணாம். என்ன கோளாறு, அதச் சொல்லு."
சொன்னேன்.
"கமாவெல்லாம் முழுங்கற."
கமாவையும் சொன்னேன்.
"அந்த பட்டன் அமுங்குமா, சும்மா இருக்கா?"
பதினேழு வருடமாக இதே தொழில்.
சாம்பல் நிறத்துக்குச் சும்மா இருப்பது என்று பெயர்
எனக்குத் தோன்றியதே இல்லை.

மணலிப் பக்கமிருந்து அந்த வாடை ஏறியது.
நான் இருமினேன், அவள் ஜன்னலைச் சாத்தினாள்.
கீழே எவனோ ஹாரனில் கை வைத்தவன்
எடுக்கவே இல்லை.
"காலைலேர்ந்து நாப்பது பேருக்குப் பதில் போகல.
இன்னைக்கு சம்பளம் அவ்ளோதான்" என்றாள்,
அடுத்து என்ன இருக்கு, படி என்றாள்.

பழைய போர்டுக்குப் பழைய டிரைவர்
என் பென் டிரைவின் மூலையில் கிடந்தது.
ஏற்றினேன். முடக்கியிருந்த சர்வீஸை
ஒவ்வொன்றாக எழுப்பினேன்.
ஒருமுறை அணைத்துப் போட்டேன்.

மூட்டைக் கடலையைத் தரையில் கொட்டினாற்போல்
ஒரு சத்தம்.
அதுதான் அவள் கேட்கும் வேகம்.
ஒரு சொல்லும் எனக்குப் பிடிபடவில்லை.
"என்ன சொல்லுது?"
"நீ தெறந்து தெறந்து மூடாமப் போட்ட ஜன்னல்
பதினொண்ணு இருக்குதாம்."

ஒவ்வொன்றாக மூடினாள், மவுஸ் தொடாமல்.
பிறகு தலையைச் சாய்த்து
"இடது பக்கம் கொஞ்சம் கம்மி" என்றாள்.
இல்லை, சரியாகத்தான் இருக்கு என்றேன்.
"திறந்து பாரு."
வலது எண்பது. இடது எழுபத்துநான்கு.
வைரஸ் செய்ததா, என் கை பட்டதா,
தெரியவில்லை.

"ஸ்கேனுக்கு எவ்ளோ? படிச்சதுக்கு எவ்ளோ?"
வேலைக்கு ஐந்நூறு,
படித்ததற்கு ஒன்றும் வேண்டாம் என்றேன்.
"அதெப்படி" என்று
தாள்களை நீளம் பார்த்து எடுத்து மடித்துக் கொடுத்தாள்.

கீழே லாரி இடுக்கில் நின்று எண்ணினேன்.
ஐந்நூற்று எண்பது.
மேலே திரும்பிப் பார்த்தேன்.
ஜன்னலிலிருந்து சொன்னாள்:
"நூறு ரூபா படிப்புக் கூலி.
கமாவுக்கு இருபது புடிச்சிட்டேன்."