விளிம்பில் ஓர் எழுத்து

கொழும்புக் கச்சேரி. மாடி. மூன்றாம் மேசை.
ஐம்பத்தோராம் ஆண்டு,
ஆடிக் காற்றுக்குக் காகிதப் பாரங்கள் போதாமல்
நான் மைக்கூட்டையும் தூக்கி வைத்திருந்த
ஒரு செவ்வாய்.

ஓய்வுபெற்ற தலைமை லிகிதர்
வேலாயுதர் நன்னித்தம்பி
பிஸ்கட் டின்னைத் திறந்து
வெல்வெட்டுத் துணி விலக்கி
முப்பத்தேழு வருடங்களை
மேசையில் வைத்தார்.

வெள்ளி. ஒரு ரூபாய்க் குற்றியைவிடச் சற்றே பெரிது.
ஒரு பக்கம் அரசரின் தலை,
மறு பக்கம் விசுவாசமான சேவைக்கு ஒரு வரி.
கருஞ்சிவப்பு நாடா, நடுவே நீலம்.
தேசாதிபதி மாளிகைப் புல்வெளியில்
அதைக் குத்தியவர்
இவர் முகத்தைப் பார்க்கவேயில்லையாம்.
அதில் வருத்தமில்லை என்றார்,
ஊசி பிடித்தவன் ஊசியைத்தான் பார்க்கவேண்டும்.

வருத்தம் விளிம்பில்.
பெயரின் முதலெழுத்து:
'என்' இருக்கவேண்டிய இடத்தில்
'எம்'.

வெள்ளவத்தை வீட்டில்
கண்ணாடி அலுமாரி வாங்கி
ஐந்து வருடமாய் ஒரு தட்டு வெறுமையாய்.
பிழையோடு எப்படி வைப்பது?

அதற்கொரு கோப்பு.
நான் இந்த மேசைக்கு வந்தபோதே
தலையணைத் தடிப்பு.
நேரில் பேசவும்.
ஒரு மாதம் கழித்து வைக்கவும்.
சீமைக்கு எழுதப்பட்டது.
சீமையிலிருந்து: செலவு தம்முடையதாயின் திருப்பி அனுப்புக.
சீமையிலிருந்து: அந்தப் பிரிவு இப்போது இல்லை.
நடுவில் ஒருநாள் கொடி மாறியது.
கோப்பைக் கட்டிய நாடா அதே நாடாதான்.

செட்டியார் தெருப் பத்தர்
கண்ணில் குழாய் பொருத்திப் பார்த்துவிட்டு,
"ஒரு கோடுதானே கூட, இழைச்சு விடுறன்,
ரெண்டு ரூபாய் தாருங்கோ" என்றாராம்.
எழுந்து வந்துவிட்டார்.
அரசாங்கம் விட்ட பிழையை
அரசாங்கம் திருத்தவேண்டும்,
பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டு.

அவருக்குக் கதிரை கொடுத்திருந்தேன்.
கம்பிக்கு அப்பால்
காலை எட்டிலிருந்து நிற்பவர்
துறைமுகத்து ஒச்சாத்தேவன்.
இருபத்தாறு வருடம் கப்பலுக்குக் கரி சுமந்தவர்.
பிரசாவுரிமை கேட்கிறார்.
இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிவேட்டில்
அப்படியொருவர் இல்லை.
பிச்சைத்தேவன் இருக்கிறார்.

"பிச்சை எடுக்கலீங்க நானு," என்றார் மூன்றாம் தடவையாக,
"கரிதான் சுமந்தேன்."

முத்துக் கோத்ததுபோல் எழுத்து.
சாய்வு மாறாமல், மை சிந்தாமல்,
நானூறு பெயர்.
எங்கேயோ பார்த்த சாய்வு.
பதிவேட்டை மெல்லக் கதிரைப் பக்கம் திருப்பினேன்.

மூக்குக்கண்ணாடியை
வேட்டித் தலைப்பால் துடைத்தார்.
ஒருமுறை. இன்னொருமுறை.
"ஓம். எழுத்து என்ரைதான்."
நான் எதுவும் கேட்கவில்லை. அவரே சொன்னார்:
"அண்டைக்கு நல்ல மழை.
தகரத்திலை விழுந்த சத்தம்.
பின்னாலை முந்நூறு பேர்."

காற்று ஒரு தாளைப் புரட்டியது.

"மாத்தேலாதோ தம்பி?"

"மேலதிகாரம் வேணும் ஐயா."

அவருக்குத் தெரியாத விதியா.
நாடாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெயில் யன்னலால் வந்து
பதக்கத்தில் ஏறியது.
ஒச்சாத்தேவன் கம்பிக்கு மேலால்
கழுத்தை மட்டும் நீட்டினார்.
"அதுல என்னங்கய்யா எழுதியிருக்கு?"

விளிம்பை வெளிச்சத்துக்குச் சாய்த்தேன்.
உள்ளதை உள்ளபடி வாசிப்பது என் உத்தியோகம்.

"மன்னித்தம்பி."

அவர் கதிரையில் இருந்தவரைப் பார்த்தார்.
தோள் துண்டை எடுத்தார்,
என்ன செய்வதென்று தெரியாமல்
திரும்பவும் போட்டார்.

"பரவாயில்லீங்க," என்றார்.

நன்னித்தம்பியர்
டின்னை மூட மறந்து
எழுந்து நின்றார்.
அந்தக் கட்டடத்தில்
ஒரு கூலியாளுக்கு முன்னால்
அவர் எழுந்து நின்றதாய்
எந்தக் கோப்பிலும் இல்லை.

மணி பன்னிரண்டு அடித்தது.
பேனாவை மையில் தோய்த்து
இரண்டு கோப்பிலும்
ஒரே குறிப்பை எழுதினேன்:

ஒரு மாதம் கழித்து வைக்கவும்.