ஆ சொல்லுங்கள்

திங்கட்கிழமை என்றாலே தொண்டைகள்.
எட்டு மணிக்குக் கதவு திறக்கும் முன்பே
ஊத்தான் மெலிந்தாங் கிளினிக்கின் தகரக் கூரைக்குக் கீழே
இருமல்கள் வந்து வரிசை பிடித்துவிடும்,
ஆட்கள் பின்னால் வருவார்கள்.

என்னிடம் ஒரு மரக்குச்சி, ஒரு டார்ச்.
ஐஸ்கிரீம் தீர்ந்துபோன குச்சி இது என்று
பிள்ளைகளிடம் சொல்லிப் பார்த்திருக்கிறேன்.
இதுவரை ஒருத்தரும் நம்பியதில்லை.

ஆ சொல்லுங்கள்.

செம்பனை ஆலையில் லோரி நிறுக்கும் குணவர்மன்
ஆ என்கிறார். காற்று மட்டும் வருகிறது.
மூன்று நாளாய் நம்பர்களை விரலால் காட்டுகிறாராம்.
ஏழுக்கு இரண்டு கை வேண்டும்,
டிரைவர் ஒரு கையைத்தான் பார்த்திருக்கிறான்,
இரண்டாம் நம்பர் லோரி பாலத்தில் ஏறிவிட்டது,
மேனேஜர் கத்தியிருக்கிறார்.
இவ்வளவையும் என் மேசைக் காகிதத்தில் எழுதிக் காட்டிவிட்டு
அடியில் கோடு போட்டு எழுதினார்:
பெரிய மருந்தா கொடுங்க மிஸ்ஸி.

குரல்நாண் வீங்கியிருக்கிறது அண்ணே. வைரஸ்.
பேசாதீர்கள், கிசுகிசுக்கவும் வேண்டாம்.
தண்ணீர் குடியுங்கள். தானாகத் திரும்பும்.

மோட்டார் உருட்டி இவ்வளவு தூரம் வந்தவனுக்குத்
தண்ணீரா மருந்து?
அதை அவர் எழுதவில்லை.
முகத்தில் படித்துக்கொண்டேன்.

ஆ சொல்லுங்கள்.

ரபியுல். வங்காளத்து ஆள். அவர் ஆவும் நம் ஆதான்.
எட்டுப் பேருக்கு ஓர் அறை,
ஆணியடித்து மூடிய ஒரு சன்னல்.
சம்பளம்தான் அங்கே பிந்தும்,
ஒருவன் தும்மினால்
மற்ற ஏழு பேருக்கும் சளி தேதி தவறாமல் போய்ச் சேரும்.
அவருக்கு வேண்டியது மாத்திரை இல்லை, எம்சி.
இரண்டு நாள் எழுதினேன்.
சன்னல் எழுத என்னிடம் தாள் இல்லை.

நடுவில் ஒரு அம்மா, கைக்குட்டையை விரித்து,
பச்சையா வருதே, ஆன்டிபயோடிக் இல்லையா?
நிறத்தை வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது அம்மா
என்றேன். தமிழில் ஒரு தடவை, மலாயில் ஒரு தடவை,
வெளியே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் கேட்கட்டும் என்று.

பிறகு தஸ்வின். ஒன்பது வயது.
அவன் இருமவில்லை.
மூக்கும் ஒழுகவில்லை.
அதுதான் என்னை நிமிர வைத்தது.
காய்ச்சல் முப்பத்தொன்பது.
தாடைக்கு அடியில் இரண்டு கொண்டைக்கடலை,
தொட்டால் முகம் சுளிக்கிறான்.
உள்ளே சிவப்பு, சிவப்பின் மேல்
தேங்காய்த் துருவல் அப்பியது போல் வெள்ளை.

பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுத்தேன். குமட்டினான், உதைத்தான்.
டாக்டர் பார்த்துவிட்டுப் பென்சிலின் எழுதினார்.
பத்து நாள்.

வீட்டுல எனக்குக் கொடுத்தது பாதி இருக்கு மிஸ்ஸி,
பிரிட்ஜில, சம்பால் பக்கத்துல. அதை ஊத்தலாமா?
என்றாள் புனிதமலர்.
ஏன் பாதி இருக்கிறது?
நாலாம் நாளே சரியாயிடுச்சே.

அந்தப் பாட்டிலை இன்றைக்கே தூக்கிப் போடு என்றேன்.
வலி முதலில் வீட்டைக் காலி செய்யும்,
கிருமி விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே இருக்கும்,
சில சமயம் மூட்டுக்குப் போகும், இதயத்துக்குப் போகும்.
இதயம் என்பதை மெதுவாகத்தான் சொன்னேன்.
அதற்குள் அவள் கை
பையனின் மார்புக்குப் போய்விட்டது.

அடுத்த திங்கள் பாசார் மாலாமில்
அப்பம் பாலிக் கடை முன்னால் அவனைப் பார்த்தேன்.
என்னைக் கண்டதும், கேட்காமலே,
ஆ.
குண்டு பல்பு வெளிச்சத்தில் பழக்கதோஷத்தில் குனிந்தேன்.
வெள்ளை இல்லை. நொறுங்கிய கடலை மட்டும்.

மருந்து? என்று அவன் அம்மாவிடம் சைகையில் கேட்டேன்.
கூட்டத்துக்கு அந்தப் பக்கமிருந்து
அவள் மூன்று விரலைக் காட்டினாள்.
மூன்று நாள் பாக்கியா, மூன்றே நாள் கொடுத்தாளா?
கேட்க வாயைத் திறந்தேன்,
தும்மல் வந்தது.
முழங்கையை மடித்து முகத்தைப் புதைத்து
நிமிர்ந்து பார்த்தால்
அவள் இருந்த இடத்தில் வேறு யாரோ
சோளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

தொண்டையில் லேசாக அரித்தது.
நாளைக்கு எனக்கு யார் டார்ச் பிடிப்பார்கள் என்று
யோசித்துக்கொண்டே நடந்தேன்.