ஏசி 128

பிற்பகல் மூன்று மணிக்குச் செத்துப்போகிறது.
இரவு இரண்டு மணிக்கு உயிரோடிருக்கிறது.
பேய்க்கதை இல்லை இது,
நானே பற்றவைத்த ஃபஸ் பெடலின் கதை.

உட்லண்ட்ஸில் எனக்குச் சோறு போடுவது சிலிக்கான்.
கண் மட்டும் தெரியும் வெள்ளை உடுப்பு,
வருடம் முழுக்க இருபத்தொரு டிகிரி,
ஒரு தும்மலுக்கு ஒரு படிவம்.
வீட்டில் ஜெர்மானியத்தோடு குடித்தனம்.
சிலிக்கானுக்குத் தெரிந்தால் வேலை போய்விடும் என்பான்
டிரம்ஸ் வாசிக்கும் இர்ஃபான்.

சிம் லிம் டவரில் ஒரு பிஸ்கட் டின்னில் கிடந்தவை.
ஆறு வாங்கினேன். நான்கு குப்பை.

முதலில் என்னைத்தான் சந்தேகப்பட்டேன்.
ஊர் வழக்கத்துக்கு எதிராக
பேட்டரியின் நேர்முனை தரைக்குப் போகவேண்டும் இதில்.
போயிருந்தது.
மின்தேக்கி தலைகீழா? இல்லை.
லென்ஸ் வைத்து ஈயப்பற்றுகளைப் பார்த்தேன்,
மங்கலாயிருந்த மூன்றை மறுபடி உருக்கினேன்.
ஒன்றில் விரல் சுட்டுக்கொண்டேன்.
அந்த ஒன்று முன்பே நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

ஒருநாள் கிட்டாரைத் தொடும் முன்பே
ஆம்ப்ளிஃபையருக்குள்ளிருந்து ஒரு பெண்
மாண்டரினில் பேசினாள்:
பிஐஇ-யில் விபத்து, இரண்டு தடம் அடைப்பு.
உள்ளீட்டில் கடுகளவு மின்தேக்கி வைத்து
அவள் வாயை அடைத்தேன்.
அன்று பிஐஇ பக்கம் போகவில்லை.

பிறகு மீட்டரின் இரண்டு முட்களோடு உட்கார்ந்தேன்.
இரண்டாவது டிரான்சிஸ்டரின் கலெக்டரில்
நாலரை வோல்ட் நிற்கவேண்டும்.
இரவில் நின்றது.
பகலில் ஏழு புள்ளி இரண்டு;
ஓசை, ஈரத் தீக்குச்சியை உரசுகிற மாதிரி.
ஏசி ஓடிய ஓர் இரவு,
அதன் சகோதரனை விரலால் தொட்டேன். சும்மாதான்.
எண் ஏறியது.
விரலை எடுத்தேன். இறங்கியது, மெதுவாக,
சமாதானமாகிறவர்கள் முகத்தைத் திருப்புகிற வேகத்தில்.

உடம்பிலேயே அச்சடித்திருக்கிறது: ஏசி 128.
இத்தனை நாள் வாசிக்கத் தெரியவில்லை எனக்கு.
பத்து டிகிரி ஏறினால் கசிவு இரண்டு மடங்கு,
இந்தத் தீவில் எதுதான் கசியாது:
சட்டை, சுவர், மேல்வீட்டுக் குளிர்சாதனம்.

ஃபிரிட்ஜில் வை என்றான் வெய் ஜியே.
வைத்தேன். சம்பால் டப்பாவுக்கும் தவ்குவாவுக்கும் நடுவில்,
கதவிடுக்கில் இரண்டு கம்பி வெளியே.
சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாசித்தேன், தேன்கூடு மாதிரி
அடர்த்தியாக வந்தது.
தண்ணீர் எடுக்க வந்த தங்கை கதவைத் திறந்தாள்.
மூடு, சூடு ஏறுது என்றேன்.
குடிக்காமலே திரும்பிப் போனாள் இளவெயினி.

சனிக்கிழமை, தோ பாயோவில்,
தகரக்கூரை மேடை, மாலை நான்கு, முப்பத்துமூன்று டிகிரி.
இரண்டாம் பாட்டின் நடுவில் பெடலுக்கு நாக்கு வறண்டது.
இர்ஃபான் என்னைப் பார்த்தான், அதே நாலு தட்டையே
சுற்றிச் சுற்றித் தட்டினான்.
வெய் ஜியே பேஸைத் தோளில் தொங்கவிட்டபடி இறங்கிப்போய்
முன்வரிசையில் யாரிடமோ கெஞ்சி
கயிறு கட்டிய பிளாஸ்டிக் பையில் தே-ஓ ஐஸ் வாங்கிவந்தான்.
உறிஞ்சுகுழலோடு
பெடலின் தலையில் வைத்தான்.

பதினாறு சுற்றாவது போயிருக்கும்.
முதலில் ஒரு முனகல்.
அப்புறம் முழுசாக, அழுக்காக, இனிப்பாக.
பை வியர்த்து மேடைக் கம்பளம் நனைந்தது.
முடிந்ததும் அந்தத் தேநீர் யாருக்கு என்று தகராறு;
கொடுத்தவர் வந்து வாங்கிக்கொண்டார்.

இப்போது பெட்டியில் துளைபோட்டு
ஒரு திருகு வைத்திருக்கிறேன்.
இடப்பக்கம் பகல், வலப்பக்கம் இரவு.
மாலை ஏழு வாக்கில் ஒரு பத்து நிமிடம்
எந்தப் பக்கமும் திருப்பவேண்டியதில்லை, தானாகவே சரியாக நிற்கும்.
பெரும்பாலும் அந்நேரம் நான்
இரவு ஷிஃப்டுக்குப் பேருந்தில் போய்க்கொண்டிருப்பேன்.