உற்பத்தித்திறன் போட்டிக்கு முந்திய நாள்

நாளைக்கு நடுவர்கள் வருகிறார்கள்.
வெல்லாவெளிக் கந்தோரில் எல்லாவற்றுக்கும்
பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்:
மின்விசிறிக்கு மின்விசிறி,
ஆளிக்கு ஆளி,
ஓடாத மணிக்கூட்டுக்கு மணிக்கூடு.
கந்தோர் என்ற சொல்லை
ஒல்லாந்தன் விட்டுப்போனான், லாச்சியையும்.
விட்டுப்போனவற்றைப் பதிய
பொருட்பதிவேட்டில் நிரல் இல்லை.

வரிசையில் நிற்பவர்களுக்கும் புதுப்பெயர்.
வெள்ளைக்காரன் காலத்துத் தாள்களில் மனுதாரன்,
பிறகு பொதுமக்கள்,
இந்தச் சுற்றறிக்கையிலிருந்து வாடிக்கையாளர்.
"நான் என்னத்த வாங்கின, புள்ள?"
என்று கேட்டார் ஞானரெத்தினம்,
இருபத்திரண்டாம் இலக்கத் துண்டைப் பிடித்தபடி.

குருமண்வெளியில் பாதைக்குக் காத்து
மண்டூரில் இறங்கி
பஸ் இல்லாமல் ஓட்டோவில் வந்தவர்.
இரண்டு ஏக்கர். அம்மாட பேரில் பெர்மிட்.
'முடிக்குரிய காணி' என்பதில் முடியை வெட்டி
பக்கத்தில் 'அரச' என்று
மையால் எழுதியிருந்ததாம்,
சின்ன வயதில் பார்த்தது.

அவருடைய கோப்பில் என் கையெழுத்தில் நாலு கடிதம்,
எனக்கு முன்னிருந்த மூன்று பேரின் கையெழுத்தில் பதினொன்று.
எல்லாம் ஒரே வசனம்:
உரிய காணிப் பேரேடு தேடப்பட்டு வருகிறது.

யாரும் தேடவில்லை.
எழுபத்தெட்டுச் சூறாவளியில் நனைந்து
தாளோடு தாள் ஒட்டிச் செங்கல்லாய்ப் போன பேரேடு
வாசலில் கிடக்கிறது.
கச்சான் காற்றுக்குக் கதவு அடிக்காமல் பிடிக்கிறது.
திறந்தால் பொடிந்துபோகும்.
திறக்க மேலிடத்து அனுமதி வேண்டும்.
அனுமதி கேட்ட கடிதமும்
எங்கேயோ தேடப்பட்டு வருகிறது.

தேவையற்றதற்குச் சிவப்பு அட்டை.
காலையில் ஒன்றை எடுத்துக்கொண்டு
அதன் முன்னால் குந்தினேன்.
இரண்டு மூலையைக் கரையான் தின்றிருந்தது.
முதுகில் 'போரதீவு' வரைக்கும் வாசிக்கலாம்,
'பற்று' இல்லை.
அட்டையைக் கைப்பைக்குள் போட்டுவிட்டு
கணினியில் தட்டி, லமினேட் பண்ணி ஒட்டினேன்:
கதவு நிறுத்தி.

பெயர் இருந்தால் இடம் இருக்கிறது,
இடம் இருந்தால் எறியக் கூடாது.
சுற்றறிக்கை அப்படி.
இருபது வருடச் சேவையில்
கையொப்பம் கேட்காமல் நான் செய்த ஒரே வேலை.

பதினாறாவது கடிதத்தை நாலாய் மடித்து
பொலித்தீன் உறைக்குள் வைத்துக்கொண்டு
ஞானரெத்தினம் வெளியே போகையில்
காற்றுக்குக் கதவு கொஞ்சம் அசைந்தது.
நின்றார்.
செருப்புக் காலால் அதை
இறுக்கி அணைத்து வைத்துவிட்டு
துறைப்பக்கம் நடந்தார்.