கோட்டம்

பிப்ரவரி. மைனஸ் இருபத்திரண்டு.
யோயென்சூவின் ஆற்றுப் பாலத்தில் இறங்கும்போது
பிரேக்கைப் பிடித்தேன்.
பிடி அசையவில்லை.
கேபிள் உறைக்குள் புகுந்த ஒரு சொட்டுத் தண்ணீர்
இரவோடிரவாகக் கல்லாகியிருந்தது என்பது
பிறகுதான் தெரிந்தது.
அப்போது தெரிந்ததெல்லாம்
மஞ்சள் விளக்கு சுழல எதிரே வரும் பனி வாரும் வண்டியும்
எனக்கென்றே அது குவித்துப்போட்டதுபோல் ஒரு மேடும்.
மேட்டைத் தேர்ந்தெடுத்தேன்.

காதுக்குள்ளும் பனி.
ஓட்டுநர் இறங்கிவந்து
"உயிரோடு இருக்கிறீர்களா?" என்றார்.
"வேலைக்கு நேரமாகிவிட்டது" என்றேன்.
அவருக்கு அது போதுமான பதிலாக இருந்தது.

பதினொரு வருடமாக ஓட்டுகிறேன் இந்தச் சைக்கிளை.
காற்றடிப்பதைத் தவிர அதற்கு
எதுவும் செய்ததில்லை.
புதுச் சத்தம் ஏதாவது கேட்டால்
தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொள்வேன்.

எங்கள் நூலகத்தில் புத்தகத்தோடு
ஸ்பேனர் பெட்டியும் இரவல் தருவார்கள்.
இரண்டு வாரத் தவணை.
எடுத்த நாவலை மேசையிலேயே வைத்துவிட்டுப்
பெட்டியைத் தூக்கிவந்தேன்.

அடுக்ககத்தின் நிலவறையில் சைக்கிள் அறை.
விளக்கு இரண்டு நிமிடத்தில் தானே அணையும்.
எழுந்து கையை ஆட்டினால் மறுபடி எரியும்.
முதல் நாள் கழற்றினேன்.
இரண்டாம் நாள் பூட்டினேன்.
ஒரு வாஷர் மிச்சம்.
மூன்றாம் நாள் மறுபடி கழற்றினேன்.

"கேபிளைத் தேவையான அளவு இழுத்துக் கட்டவும்"
என்றது புத்தகம்.
சிரித்துவிட்டேன்.
அதிகாலை மூன்றிலிருந்து ரொட்டிக்கு மாவு பிசைகிறவள் நான்.
புதிதாகச் சேர்ந்தவர்களிடம்
"பதம் வரும்வரை பிசை" என்றுதான்
இத்தனை காலமும் சொல்லிவந்திருக்கிறேன்.
எவ்வளவு பெரிய அநியாயம் அது!

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச்
சக்கரத்தைச் சுற்றிவிட்டேன்.
பிரேக் கட்டையில் ஒரே இடம்
தொட்டுத் தொட்டுப் போனது.
உஸ். உஸ். உஸ்.
கோட்டம்.
பனிமேட்டில் விழுந்து வந்ததா,
பதினொரு வருடத்தில் சிறுகச் சிறுகச் சேர்ந்ததா,
யார் கண்டது?
ஒரு பக்கத்துக் கம்பியை இறுக்கினால் போதாது,
எதிர்ப்பக்கத்தைக் கொஞ்சம் இளக்கவும் வேண்டும்.
கால் சுற்று.
அதற்குமேல் ஆசைப்பட்டால்
கோட்டம் அந்தப் பக்கம் போய்விடும்.
போனது. திருப்பினேன். மறுபடி போனது.

இப்போதெல்லாம் ஏறுவதற்கு முன்
கட்டைவிரலால் டயரை அழுத்துகிறேன்,
பிரேக்கைப் பிடித்தபடி வண்டியைத் தள்ளிப் பார்க்கிறேன்,
செயினைக் கையுறையால் ஒருமுறை தடவுகிறேன்.
ஒரு நிமிடம்கூட ஆவதில்லை.
ஆனால் பார்க்கப் பழகிய கண்
தன் சைக்கிளோடு நின்றுவிடுவதில்லை.

பக்கத்தில் நிற்பது ருவோனாலாவின் சைக்கிள்.
மூன்றாம் மாடி.
சலவை அறைப் பட்டியலில்
என் பெயரை அடித்துத் தன் பெயரை எழுதியவர்.
நான்கு வருடமாக லிஃப்டில்
இருவரும் எண்களைப் பார்த்தபடி போய்வருகிறோம்.
அவருடைய முன்சக்கர நட்டு
என் விரலுக்கே சுழன்றது.

ஸ்பேனர் கையில்தான் இருந்தது.
பிறர் சைக்கிளைத் தொடுவது
பிறர் கடிதத்தைப் பிரிப்பதுபோல.
விளக்கு அணைந்தது.
சற்று நேரம் கையை ஆட்டவில்லை.
விழட்டுமே என்றும் தோன்றியது.
அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இறுக்கினேன்.
சீட்டுக்கடியில் ஒரு காகிதம் செருகினேன்:
"முன்சக்கரம் தளர்ந்திருந்தது. இறுக்கியிருக்கிறேன்.
நீங்களும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்."
பெயர் போடவில்லை.

மறுநாள் அதிகாலை இரண்டரைக்கு
என் ஹேண்டில்பாரில் அதே காகிதம்,
பின்பக்கம் திருப்பி.
நன்றி இல்லை. பெயரும் இல்லை.
"உங்கள் பின்விளக்கு எரிவதில்லை.
போன வாரமும் எரியவில்லை."

குனிந்து பார்த்தேன்.
ஆமாம்.