அரக்கு

ஒன்பது அரையாண்டு பாக்கியாம்
ஓனர் டேவிட்ராஜுக்கு.
அஞ்சாம் தேதி தவறாமல்
வாடகை எண்ணிக் கொடுத்தவள் நான்.

கொருக்குப்பேட்டை கேட் திறக்கக் காத்திருந்து
டீயோடு திரும்பினால்
ஷட்டரில் நோட்டீஸ், பூட்டு,
பூட்டைச் சுற்றிய துணியில்
ஆறாத அரக்கு.

'பெட்டியில கரி கனியுது சார்,
அணைச்சிட்டாவது வந்துடறேன்.'
'ஓனரைக் கட்டச் சொல்லும்மா.'

உள்ளே அறுபத்திரண்டு உருப்படி.
நாகலிங்கம் வாத்தியார் வேட்டி,
வியாழக்கிழமை நிச்சயத்துக்கு ஒரு பட்டு,
அடியில்
காலர் நைந்த வெள்ளைச் சட்டை ஒன்று.

'சார், அது உங்களுது.
நாளைக்கு எதைப் போட்டுக்கினு
அடுத்த கடையைப் பூட்டுவீங்க?'

அவர் குனிந்து
அரக்கு ஆறிவிட்டதா என்று
விரலால் தொட்டுப் பார்த்தார்.